60 கிலோ தாண்டிய வெண்பன்றிக்குத் தீவனத்தில் எதைச் சேர்த்தால் பலன் உண்டு?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரிடம் முப்பது வெண்பன்றிகள் இருக்கின்றன. 60 கிலோ வரை நன்றாக ஏறும் எடை அதற்கு மேல் மந்தமாகிவிடுகிறது. வெட்டிப் பார்த்தால் முதுகுக் கொழுப்பு தடிமனாகவும் கொழகொழவென்றும் இருக்கிறது, கறி வெளிறி நீர் விடுகிறது என்று கறிக்கடைக்காரர் விலையைக் குறைக்கிறார். தீவனத்தில் பாதி ஓட்டல் கழிவு, பாதி சொந்தமாக அரைத்த கலவை. தீவனக் கடையில் நான்கு விதமான பொடிகளைக் காட்டுகிறார்கள், எதை வாங்குவது என்கிறார். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எடை ஏறாதது ஒன்று, கொழுப்பின் அளவும் தன்மையும் இன்னொன்று, நீர் விடும் கறி மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே காரணம் இல்லை. மூன்றையும் ஒரே பொடி தீர்க்கும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சமாகும். தீவனச் சேர்க்கைகளைப் பற்றிய நல்ல முடிவுகளில் பெரும்பகுதி, தாய்ப்பால் மறந்த குட்டிகளில் கிடைத்தவை. அந்த வயதில் குடல் முதிர்ந்திருக்காது, வயிற்றில் அமிலம் போதுமான அளவு சுரக்காது, கழிச்சல் எளிதில் வரும். அங்கே அமிலப் பொடியும் நுண்ணுயிர்ப் பொடியும் செம்பும் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கலாம். 60 கிலோ பன்றிக்கு அந்தக் குறை எதுவும் இல்லை. அதன் குடல் தேறிவிட்டது. ஆகவே கடையில் பொடியைக் காட்டும்போது, "இந்த முடிவு எத்தனை கிலோ எடையுள்ள பன்றியில் கிடைத்தது?" என்று கேளுங்கள். குட்டிகளில் பார்த்தது என்றால் உங்கள் கேள்விக்கு அது பதில் ஆகாது.

60 கிலோவுக்கு மேற்பட்ட இந்தக் கடைசிக் கட்டத்தில் உறுதியாகப் பலன் தருவது என்றால் முதலில் லைசின். மக்காச்சோளமும் தவிடும் சோயாவும் கலந்த தீவனத்தில் பன்றிக்கு முதலில் பற்றாக்குறையாவது இந்த அமினோ அமிலம்தான். அது குறைந்தால் மற்றப் புரதம் எவ்வளவு இருந்தாலும் தசையாக மாறாது. மிஞ்சிய சக்தி கொழுப்பாகப் படியும். எடை மந்தமாவதும் கொழுப்புத் தடிப்பதும் சேர்ந்தே வருவதால் உங்கள் பண்ணையில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். 75 முதல் 100 கிலோ வரை உள்ள பன்றிக்கு, செரிமானமாகும் லைசின் தீவனத்தில் ஏறத்தாழ 0.73 சதவீதம் வேண்டும். 50 முதல் 75 கிலோ வரை 0.85 சதவீதம். 100 கிலோவுக்கு மேல் 0.6 போதும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 கிலோ கலவைக்கு மக்காச்சோளம் 65.5 கிலோ, சோயா புண்ணாக்கு 16, கோதுமைத் தவிடு 16, தாது உப்புக் கலவை 2, சமையல் உப்பு அரை கிலோ. இதில் புரதம் 15 சதவீதம் சொச்சம் வரும். மொத்த லைசின் 0.7 இருந்தாலும் செரிமானமாகிச் சேர்வது 0.6 அளவுதான். இதே கலவையில் லைசின் ஹைட்ரோகுளோரைடு 150 கிராம் சேர்த்தால் 0.72-க்கு வந்துவிடும், ஏனென்றால் அந்தப் பொடியில் 78 சதவீதம் லைசின். நூறு கிலோவுக்கு 150 கிராம் என்பது ஒரு தேநீர்க் குவளை கொள்ளும் வெள்ளைத் தூள். அதற்குள் அடங்கியிருப்பது நான்கு கிலோவுக்கும் அதிகமான சோயா புண்ணாக்கில் உள்ள லைசின். சோயா விலை ஏறும் மாதங்களில் இதையே திருப்பியும் போடலாம். ஒரு டன்னுக்கு 50 கிலோ சோயாவை எடுத்துவிட்டு மக்காச்சோளம் 48.5 கிலோ, லைசின் 1.5 கிலோ வைத்தால் லைசின் அளவு மாறாது. டன்னுக்கு 1.5 கிலோ வரை மற்ற அமினோ அமிலங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 3 கிலோ வரை போய்ச் சோயாவை இன்னும் குறைத்தால் திரியோனின், மெத்தியோனின், டிரிப்டோபேன் வரிசையாகக் குறைபட ஆரம்பிக்கும். அப்போது அவற்றையும் வாங்கிச் சேர்க்க வேண்டும். லைசினை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் பலன் நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான். சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளித் திப்பி (கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை) மலிவாகக் கிடைப்பதால் பலர் மக்காச்சோளத்துக்குப் பதிலாக அதைப் போடுகிறார்கள். திப்பியில் மாவுச்சத்து உண்டு, புரதம் அனேகமாக இல்லை. மக்காச்சோளம் கொடுத்துவந்த எட்டு சதவீதப் புரதமும் கையை விட்டுப் போகிறது என்று கணக்கு வைத்துக்கொண்டு சோயாவைக் கூட்ட வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் கலவைக்கு மட்டும்தான் பொருந்தும். ஓட்டல் கழிவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 10 கிலோ கழிவு ஊற்றினால் உலர் பொருளாக வயிற்றுக்குள் போவது இரண்டு, இரண்டரை கிலோ. அதிலும் பெரும்பகுதி சோறும் எண்ணெயும். புரதம் குறைவு, லைசின் அதைவிடக் குறைவு. கழிவில் பாதி வயிறு நிரம்பிவிட்டால் பன்றி கலவையைக் குறைவாகத்தான் தின்னும். நீங்கள் 150 கிராம் சேர்த்த லைசின் அங்கேயே நீர்த்துப்போகும். கழிவை விட முடியாது என்றால் 60 கிலோவுக்குப் பிறகு காலையில் முதலில் கலவையைக் கொடுங்கள், சோயாவைக் கூட்டி, ஒரு பன்றிக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல். அது தீர்ந்த பிறகு கழிவு. கழிவைக் காய்ச்சாமல் ஊற்றவே கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-இல் இந்தியாவின் வடகிழக்கில் நுழைந்தது. 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு மருந்து கிடையாது. 90 டிகிரியில் ஒரு மணி நேரம், விடாமல் கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும். வைட்டமின், நொதி எதுவானாலும் காய்ச்சும் அண்டாவில் போடாதீர்கள், வெந்து வீணாகும். ஆறிய பிறகு கலவையில் போடுங்கள்.

உறுதியானவற்றில் இரண்டாவது பைட்டேஸ் என்ற நொதி. தவிடு, தானியங்களில் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி பன்றியால் செரிக்க முடியாத வடிவில் பூட்டப்பட்டிருக்கிறது. கிலோ தீவனத்துக்கு 500 அலகு பைட்டேஸ் இருந்தால் அதிலிருந்து ஏறத்தாழ 0.1 சதவீதம் பாஸ்பரஸ் விடுபடும். டன்னுக்கு ஐந்து கிலோ டைகால்சியம் பாஸ்பேட் என்ற தாது உப்பு மிச்சம். கிராமுக்கு 5,000 அலகு உள்ள பொடி என்றால் டன்னுக்கு 100 கிராம் போதும். ஆனால் தாது உப்பைக் குறைக்காமல் மேலே பைட்டேஸையும் கொட்டினால் மிச்சம் எதுவும் இல்லை, வெறும் கூடுதல் செலவு. இது செலவைக் குறைக்கும் பொருள், எடையை ஏற்றும் பொருள் என்று எதிர்பார்க்க வேண்டாம். சைலனேஸ் போன்ற நார் உடைக்கும் நொதிகள் தவிடு அதிகம் உள்ள தீவனத்தில் ஓரளவு உதவும். மக்காச்சோளமும் சோயாவும் மட்டும் என்றால் அவற்றுக்கு அங்கே அதிகம் வேலை இல்லை.

இனி சந்தேகத்துக்குரியவை. அமிலப் பொடிகளில் பொட்டாசியம் டைபார்மேட்டுக்குக் கடைசிக் கட்டத்திலும் சிறிய பலன் பல சோதனைகளில் தெரிந்திருக்கிறது. நம் விலைக்கு அது கட்டுமா என்பது வேறு. நுண்ணுயிர்ப் பொடிகளில் பேசில்லஸ் வகை வித்தாக இருப்பதால் பையில் பல மாதம் உயிரோடு இருக்கும். லாக்டோபேசில்லஸ் நம் கோடையில், தகரக் கூரைக்குக் கீழே வைத்த பையில் வெகுநாள் தாங்காது. பேசில்லஸும்கூட ஒரு பண்ணையில் எடை கூட்டுகிறது, அடுத்த பண்ணையில் ஒன்றும் செய்வதில்லை. பூண்டு, மஞ்சள், மிளகுப் பொடிகளுக்கும் இதே நிலைதான்: தீங்கில்லை, எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். குரோமியமும் பீட்டெயினும் கொழுப்பைக் குறைக்கும் என்று விற்கிறார்கள். சில சோதனைகளில் குறைத்திருக்கின்றன, சிலவற்றில் இல்லை. குறைத்த இடத்திலும் லைசின் குறையைச் சரிசெய்ததால் வரும் மாற்றத்தின் அருகில் அது நிற்காது.

மயில்துத்தம், அதாவது செம்புச் சல்பேட், இன்னமும் பல பிரிமிக்ஸ்களில் (வைட்டமின், தாதுக்களை முன்பே கலந்து விற்கும் பொடிகளில்) அள்ளிப் போடப்படுகிறது. குட்டிப் பருவத்தில் கிலோ தீவனத்துக்கு 125 முதல் 250 மி.கி. செம்பு வளர்ச்சியைத் தூண்டும் என்பது உண்மை. கடைசிக் கட்டத்தில் அந்தத் தூண்டல் மிகக் குறைவு. உண்ணும் செம்பில் பெரும்பகுதி சாணத்தில் வெளியேறி மண்ணில் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் வளர்ந்த பன்றித் தீவனத்தில் அதை 25 மி.கி.க்குள் நிறுத்தியிருக்கிறது. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதே பட்டியில் செம்மறி ஆடும் வைத்திருப்பவர்கள் செம்பு போட்ட பன்றித் தீவனத்தின் மிச்சத்தை ஆட்டுக்குக் கொட்டாதீர்கள். செம்மறிக்குச் செம்பு ஈரலில் சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் திடீரென்று கொல்லும்.

வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் போடவே கூடாது, அதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. ஐரோப்பாவில் 2006 ஜனவரி முதல் தடை. இந்தியாவில் கோலிஸ்டின் மருந்தை உணவுக்கான கால்நடைகளில் பயன்படுத்துவது 2019-இல் தடை செய்யப்பட்டது, மனிதனுக்குக் கடைசி ஆயுதமாக மிஞ்சியிருக்கும் மருந்துகளில் அது ஒன்று என்பதால். கடைசிக் கட்டத்தில் இந்த மருந்துகளால் கிடைக்கும் எடையும் சொற்பம்தான். நோய்க்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் கொடுங்கள். விற்பனைக்கு முன் எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

"கொழுப்பைக் கரைத்துத் தசை ஏற்றும் பொடி" என்று பெயர் ஒட்டாத பையில் வருவதைத் தொடாதீர்கள். இந்த வகையில் ராக்டோபமைன் உலகறிந்தது. அமெரிக்காவில் 1999-இல் பன்றிக்கு அனுமதித்தார்கள். விற்பனைக்கு முந்தைய சில வாரங்களில் கிலோ தீவனத்துக்கு 5 முதல் 10 மி.கி. கொடுத்தால் தசை கூடும், கொழுப்புக் குறையும். அது வேலை செய்யும் என்பதில் சந்தேகம் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியமும் சீனாவும் அதைத் தடை செய்திருக்கின்றன. 2012-இல் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் அதற்கு எச்ச வரம்பு வைத்தபோது 69-க்கு 67 என்ற வாக்கில்தான் நிறைவேறியது. அதன் உறவான கிளென்புட்டெரால் இன்னும் மோசம்: எச்சம் ஈரலில் தங்கும், அந்தக் கறியைத் தின்றவருக்கு நெஞ்சு படபடப்பும் கை நடுக்கமும் வரும். பெயரில்லாத பையில் இவற்றில் எது இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, தின்னப்போகிறவருக்கும் தெரியாது.

மழைக்காலத்தில் வாங்கிய மக்காச்சோளம் என்றால் நச்சு உறிஞ்சிப் பொடிக்கு இடம் உண்டு, ஆனால் எதற்கு என்று தெரிந்து வாங்க வேண்டும். பென்டோனைட் போன்ற களிமண் வகைகள், 100 கிலோவுக்கு 500 கிராம் வரை, அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சை நன்றாகப் பிடிக்கும். வேறு பூஞ்சை நச்சுகளான டிஆன் (டிஆக்சினிவலெனால்), ஜியரலினோன் இரண்டையும் அவை சரியாகப் பிடிப்பதில்லை. பெண் பன்றிகளின் பிறப்புறுப்பு பருவம் வராமலே வீங்கிச் சிவந்திருந்தால் ஜியரலினோனைச் சந்தேகித்து அந்த மக்காச்சோளத்தையே மாற்றுங்கள். ஈரம் 12, 13 சதவீதத்துக்குள் காய்ந்த தானியத்தை வாங்கிப் பலகைமேல் அடுக்கி வைப்பதை விடச் சிறந்த உறிஞ்சி கிடையாது.

இனி கொழுப்பு. அளவு வேறு, தன்மை வேறு. அளவைக் கூட்டுபவை லைசின் குறைவு, அதிக எடையில் விற்பது, காயடித்த ஆண்களுக்கு வயிறு முட்டப் போடுவது. காயடித்தது பெண்ணை விட அதிகம் தின்னும், அதிகம் கொழுக்கும். இரண்டையும் தனித்தனி அறையில் விட்டு, 70 கிலோவுக்கு மேல் காயடித்தவற்றுக்கு மட்டும் தின்பதில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துப் பாருங்கள். எடை ஏற்றம் சற்றே குறையும், முதுகுக் கொழுப்பும் குறையும். தன்மை முழுக்க முழுக்கத் தீவனத்தில் உள்ள எண்ணெயின் விளையாட்டு. பன்றி தின்ற எண்ணெய் எப்படியோ அப்படியே அதன் கொழுப்பில் போய் உட்காரும். எண்ணெய் எடுக்காத அரிசித் தவிடும் ஓட்டல் எண்ணெயும் திரவக் கொழுப்பு; ஆகவே உங்கள் பன்றியின் கொழுப்பும் இளகியே இருக்கும். சடலத்தைக் குளிரவைத்த பிறகு முதுகுக் கொழுப்பைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல கொழுப்பு வெள்ளையாகக் கெட்டியாக நிற்கும். இளகியது பள்ளம் விழுந்து விரலில் எண்ணெயாக ஒட்டும். இதற்குப் பொடி தேட வேண்டாம். கடைசி நான்கு, ஐந்து வாரம் அரிசித் தவிட்டை எண்ணெய் எடுத்ததாக மாற்றி, ஓட்டல் கழிவில் மேலே மிதக்கும் எண்ணெயை வழித்து எறியுங்கள். திப்பிக்கு எண்ணெயே கிடையாது என்பதால் இந்த வாரங்களில் அது நல்ல கூட்டாளி. மீன் தூள், மீன் கழிவு போடுகிறவர்கள் அதையும் நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் குழம்பில் மீன் வாடை வரும். இணைந்த லினோலிக் அமிலம் என்ற சேர்க்கை கொழுப்பைக் கெட்டியாக்கும் என்பது நிரூபணமானதே, ஆனால் தீவனத்தில் அரை முதல் ஒரு சதவீதம் போட வேண்டும். அதன் விலைக்கு நம் சந்தை ஈடு கொடுக்காது.

நீர் விடும் வெளிறிய கறிக்கு வருவோம். இதில் தீவனத்தின் பங்கு மிகக் குறைவு. வெட்டிய பிறகு தசையின் கார அமில நிலை 7-லிருந்து மெல்ல இறங்கி 5.5, 5.7-இல் நிற்க வேண்டும். வெட்டுவதற்குச் சற்று முன் பன்றி ஓடி, கத்தி, மூச்சிரைத்திருந்தால், உடல் சூடாக இருக்கும்போதே அது 6-க்குக் கீழே பாய்ந்துவிடும். சூடும் அமிலமும் சேர்ந்து புரதத்தைக் கெடுப்பதால் நீரைப் பிடித்துவைக்க முடியாமல் தட்டில் இளஞ்சிவப்பு நீர் தேங்கும். சில வம்சங்களில், குறிப்பாக பியத்ரேன் கலப்பில், இதற்கான மரபணுவே உண்டு. 1991-இல் அதைக் கண்டுபிடித்தார்கள். எந்தச் சேர்க்கையும் அதை மாற்றாது. ஆகவே முந்தைய இரவே தீவனத்தை நிறுத்துங்கள், வெட்டும் வரை 12 முதல் 18 மணி நேரம். தண்ணீரை நிறுத்தவே வேண்டாம். விடிவதற்குள் ஏற்றுங்கள், தடி எடுக்காமல் பலகையை வைத்துத் தள்ளுங்கள், ஒன்றோடொன்று அறியாத பன்றிகளை ஒரே வண்டியில் கலக்காதீர்கள். இறங்கிய பின் இரண்டு மணி நேரமாவது நிழலில் தண்ணீர் தெளித்துப் படுக்கவிட வேண்டும். கடைசி இரண்டு மூன்று நாள் மக்னீசியம் கொடுத்தால் நீர் வடிவது குறையும் என்று சில சோதனைகள் காட்டின, மற்றவை காட்டவில்லை. அதிகமானால் கழிச்சல் வரும். வைட்டமின் ஈ நிச்சயமான பொருள்: கடைசி ஆறு வாரம் கிலோ தீவனத்துக்கு 200 மி.கி., அதாவது 50 சதவீதப் பொடியில் 100 கிலோவுக்கு 40 கிராம் கொடுத்தால் கறியின் கொழுப்பு காறிப்போவது தள்ளிப்போகும். ஆனால் அந்தப் பலன் குளிர்பெட்டியில் நாட்கணக்கில் வைத்து விற்கும் கறியில்தான் தெரியும். காலையில் வெட்டி மதியத்துக்குள் விற்றுத் தீரும் கடைக்கு நீங்கள் கொடுப்பதென்றால் அந்தப் பணத்தை லைசினில் போடுங்கள்.

எதைச் சேர்த்தாலும் கெடுவது கலக்கும் இடத்தில். 150 கிராம் தூளை நூறு கிலோ குவியல்மேல் தூவி மண்வெட்டியால் நான்கு புரட்டுப் புரட்டினால் ஒரு பன்றிக்கு மூன்று மடங்கு, இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை. முதலில் ஒரு கிலோ கோதுமைத் தவிட்டில் கையால் பிசிறிக் கலந்து, அதை ஐந்து கிலோவில், பிறகு இருபது கிலோவில், கடைசியாக முழுக் குவியலில் என்று படிப்படியாகப் போக வேண்டும். கோலின் குளோரைடையும் மயில்துத்தத்தையும் வைட்டமின் பொடியோடு ஒரே பொட்டலத்தில் கலந்து வைக்காதீர்கள், சில வாரங்களில் வைட்டமினைத் தின்றுவிடும்.

வாங்குவதற்கு முன் தண்ணீரையும் பாருங்கள். பன்றி தண்ணீர் குடிக்கும் நிப்பிளுக்குக் கீழே ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்தால் ஒரு நிமிடத்துக்குள் நிரம்ப வேண்டும். நிரம்பவில்லை என்றால் பன்றி தாகத்தோடு இருக்கிறது. தாகத்தில் தீனி குறையும், கோடையில் 28 டிகிரிக்கு மேல் போனால் இன்னும் குறையும். பிறகு கணக்கு. தீவனம் கிலோ 30 ரூபாய் என்றும், ஒரு கிலோ எடைக்கு 3.2 கிலோ தீவனம் என்றும் வைத்துக்கொண்டால் எடைச் செலவு 96 ரூபாய். கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் கூட்டும் பொடி என்றால் 3.2 என்பது 3.05-க்கு வந்தால்தான் முதலுக்கு மோசமில்லை. அதைத் தெரிந்துகொள்ள எடையும் பாலினமும் ஒத்த பன்றிகளை இரண்டு அறையாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் பொடி போட்டு, போட்ட தீவனத்தையும் மீந்ததையும் தினமும் எடை போட்டு, 28 நாள் கழித்து எடை பாருங்கள். அறைக்கு ஐந்தாறு பன்றி என்றால் சிறிய வித்தியாசத்தை நம்ப முடியாது. இரண்டாவது தொகுதியிலும் அதே முடிவு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் கலவையையும் தண்ணீரையும் பார்க்காமல் லைசின்தான் காரணம் என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அறிகுறிகள் அந்தப் பக்கம் காட்டுகின்றன, அவ்வளவே. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. ஐந்தாறு மூட்டைகளில் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் கைப்பிடி கைப்பிடியாக எடுத்துக் கலந்து, அதில் அரைக் கிலோவைக் காற்றுப் புகாத பையில் கட்டி அனுப்புங்கள். புரதம், நார், எண்ணெய், அஃப்ளாடாக்சின் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அறிக்கை கையில் வந்த பிறகு தீவனக் கடைக்குப் போகலாம்.